குதிகாலும் கணுக்காலும் வலித்தால்: செட்டிநாட்டில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கு

ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில் மூச்சு வாங்கும், தொடை பிடிக்கும். அது நாலைந்து நாளில் சரியாகிவிடும். பாதமும் கணுக்காலும் வலிக்க ஆரம்பிப்பது பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது வாரத்தில். அதற்குள் மூச்சு சீராகியிருக்கும், இன்னும் கொஞ்சம் தூரம் கூட்டலாம் என்று மனசு சொல்லும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இதயமும் நுரையீரலும் தசையும் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன. எலும்பும் தசைநாணும் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. குதிநாணில் (குதிகாலுக்கு மேலே தடித்த கயிறாகக் கைக்குப் படுவது) விழும் இழுவை அதைவிடவும் அதிகம்.

சர்க்கரை கூடிவிட்டதால் டாக்டர் சொல்லி ஊருணிக்கரையைச் சுற்ற ஆரம்பித்தவர், காவலர் தேர்வுக்காக 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கப் பயிற்சி எடுக்கும் பையன், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமுன் அரை மணி நேரம் ஓடும் அம்மா, மூன்று பேருக்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: வலி எங்கே, எப்போது? ஒரே ஒரு விரலை வைத்து வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். காலையில் எழுந்ததும் வலிக்கிறதா, ஓடும்போதா, ஓடி முடித்து மறுநாளா என்று யோசியுங்கள். இந்த இரண்டும் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. "கால் வலி" என்று மொத்தமாகச் சொல்லி மெடிக்கலில் மாத்திரை வாங்குவதால்தான் ஒரு மாத வலி ஒரு வருஷ வலியாகிறது.

முதலில், ஓட்டத்தை உடனே நிறுத்த வேண்டியவை

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கால் பிரண்ட பிறகு நாலு அடி கூட ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே வேண்டும். நடக்க முடிந்தாலும் நாலு இடங்களை அழுத்திப் பாருங்கள். கணுக்காலின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும் எலும்புகளின் பின்னோரம், நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் துருத்தும் எலும்பு. உள்பக்கம், பாத வளைவின் உச்சியில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு. இவற்றில் எந்த எலும்பை அழுத்தினால் சுரீரென்றாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுவது நல்லது.

ஓடும்போது பின்னங்காலில் 'பட்' என்று ஒரு சத்தம், யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல ஒரு அடி, அதற்குப் பிறகு நுனிக்காலில் எழும்ப முடியவில்லை என்றால் குதிநாண் அறுந்திருக்கலாம். குப்புறப் படுத்துப் பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, வேறொருவரைக் கெண்டைச் சதையை அழுத்தச் சொல்லுங்கள். நல்ல காலில் பாதம் தானாகக் கீழே அசையும். அறுந்த காலில் அசையாது. அன்றைக்கே மருத்துவமனை.

பாதத்து எலும்பில் ஒரு விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் வலி, நாளுக்கு நாள் கூடுகிறது, படுத்தாலும் விண்விண்ணென்று தெறிக்கிறது என்றால் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியா என்று அன்றே பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாதம் சிவந்து, சூடாகி, வலியே இல்லாமல் வீங்கினால் அதுவும் அவசரம்தான். வலி இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். நரம்பு உணர்ச்சி குறைந்திருப்பதால் வலி தெரியாமல் இருக்கலாம்.

ராத்திரி நன்றாகப் படுத்து, விடியற்காலையில் பெருவிரல் அடிமூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது ஓடியதால் வந்த வலியாக இருக்க வாய்ப்பு குறைவு. யூரிக் அமிலம் படிந்து வரும் கீல்வாதமாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

குதிகாலின் அடியில் வலி

புதிதாக ஓடுபவர்களிடம் மிக அதிகமாகக் காண்பது இதுதான். காலையில் படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில், குதிகாலின் அடிப்பக்கம், சற்று உள் ஓரமாக, கூர்க்கல்லை மிதித்தது போல வலி. பத்தடி நடந்தால் குறையும். கடையில் வெகுநேரம் உட்கார்ந்து எழுந்தாலும், தேவகோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாலும் திரும்ப வரும். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை விசிறி போலப் பரந்திருக்கும் உள்ளங்கால் சவ்வு, எலும்பில் ஒட்டும் இடத்தில் நைந்து போயிருக்கிறது. தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்குவதால் சவ்வு சுருங்கிக் கிடக்கிறது. முதல் அடியில் சட்டென்று இழுபடுவதால்தான் அந்த வலி.

செட்டிநாட்டு வீடுகளில் இதற்குத் துணைபோகும் ஒரு விஷயம் உண்டு. முகப்பிலிருந்து வளவு, வளவிலிருந்து அடுப்படி என்று நாள் முழுக்க ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறுங்காலோடு நடக்கிறோம். வெயில் காலத்துக்கு அந்தக் குளிர்ச்சி அருமைதான். ஆனால் அது சிமெண்டுக் கல், கொஞ்சமும் அமுங்காது. காலையில் 3 கி.மீ. ஓடிவிட்டு, அதே காலோடு பகல் முழுவதும் அந்தத் தரையில் நின்று சமைத்தால் நைந்த இடத்துக்கு ஓய்வே கிடைப்பதில்லை. வெளியே போடாத, மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடியை வீட்டுக்குள் மட்டும் போடுவதற்கென்று வையுங்கள். சாமி அறையில் கழற்றிக்கொள்ளலாம். வீட்டுக்குள் செருப்பா என்று பெரியவர்கள் முகம் சுளித்தால், மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி ஒத்துக்கொள்ள வையுங்கள். இந்த ஒரு மாற்றம் பல மாத்திரைகளைவிடப் பெரிது.

இனி தினசரி வேலை.

படுக்கையிலிருந்து காலைக் கீழே வைப்பதற்கு முன்பே முதல் பயிற்சி. வலிக்கும் காலை மறு முழங்கால் மேல் போட்டு, விரல்களை அடியோடு சேர்த்துப் பிடித்து, முழங்காலை நோக்கி இழுங்கள். மறு கையால் உள்ளங்காலைத் தடவினால் சவ்வு விறைத்த கம்பியாகக் கைக்குப் படும். பட்டால்தான் சரியாக இழுக்கிறீர்கள். 10 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. நெடுநேரம் உட்கார்ந்து எழும் முன்பும் செய்யுங்கள்.

இரண்டாவது, வாசல் படி. நம் ஊர் வீடுகளுக்கு உயர்ந்த படிக்கட்டு இருப்பது இதற்கு வசதி. ஒரு துண்டைச் சுருட்டிப் படியின் ஓரத்தில் வைத்து, விரல்கள் அதன் மேல் மேல்நோக்கி மடங்கும்படி ஏறி நில்லுங்கள். குதிகால் வெளியே தொங்க வேண்டும். தூணையோ கைப்பிடியையோ பிடித்துக்கொள்ளலாம். 3 விநாடியில் மேலே எழும்பி, 2 விநாடி நின்று, 3 விநாடியில் இறங்குங்கள். ஒற்றைக் காலில் 12 முறை, அப்படி 3 சுற்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதலில் ஒற்றைக் கால் முடியாவிட்டால் இரண்டு காலிலும் செய்து பழகுங்கள். இரண்டு வாரத்தில் சுலபமாகிவிட்டால் முதுகில் ஒரு பையை மாட்டி அதில் எடை வைத்து, 10 முறை 4 சுற்று. பிறகு எடையைக் கூட்டி 8 முறை 5 சுற்று. எடையைக் கூட்டாமல் மாதக்கணக்கில் ஒரே மாதிரி செய்வதுதான் பலர் பாதியில் தேங்கி நிற்பதற்குக் காரணம்.

வலி எரிச்சலாக இருக்கும் நாளில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை உறைய வைத்து, மெல்லிய துணி சுற்றி, உள்ளங்காலின் கீழ் 10 நிமிடம் உருட்டலாம். சுகமாக இருக்கும். குணப்படுத்துவது மேலே சொன்ன பயிற்சிதான்.

எக்ஸ்ரேயில் "குதிகால் எலும்பு வளர்ந்திருக்கிறது" என்று சொன்னால் பயப்பட வேண்டாம். வலியே இல்லாத ஏராளமானவர்களுக்கும் அந்த முள் மாதிரியான வளர்ச்சி இருக்கிறது. அதை வெட்டி எடுத்தால்தான் வலி போகும் என்பதில்லை. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் சவ்வு அறுந்து போகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை கரையவும் கூடும். பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பார்க்காமல் ஊசிக்குப் போக வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

எருக்கிலை வைத்தியத்தையும் சொல்லிவிட வேண்டும். செங்கல்லைச் சூடு பண்ணி, அதன் மேல் பழுத்த எருக்கிலையை வைத்து, குதிகாலால் மிதித்து ஒத்தடம் எடுப்பது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த கைமருந்து. நாள்பட்ட குதிகால் வலிக்கு அந்தச் சூடு இதம் தரும், அதில் தவறில்லை. சூட்டை முதலில் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். எருக்கம்பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் மட்டும் இதைத் தொடவே கூடாது. சூடு தெரியாமல் பாதம் வெந்து, புண்ணாகி, விரல் எடுக்கும் வரை போகும்.

வலி உள் ஓரமாக இல்லாமல் குதிகாலின் நட்டநடுவில், அழுத்தினால் கன்றிப்போனது போல இருந்தால் அது கொழுப்பு மெத்தை நசுங்கியது. இழுக்கும் பயிற்சி அதற்கு உதவாது. மெத்தென்ற குதிகால் கிண்ணத்தை (ஹீல் கப்) ஷூவுக்குள் வைத்து, கெட்டித் தரையைக் குறைத்தால் போதும். எரிச்சலும் மரத்துப்போவதும் சேர்ந்து வந்தால் நரம்பு அழுந்துகிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு விளையாடிவிட்டு வந்ததும் குதிகாலின் பின்பக்கம் வலித்தால், பெரும்பாலும் அது வளரும் எலும்பின் குருத்து எரிச்சல். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தாலே அடங்கும்.

குதிகாலுக்கு மேலே, பின்பக்கம்

குதிநாண் வலிக்கு ஒரு தந்திரக் குணம் உண்டு. காலையில் இறங்கும்போது விறைப்பு, ஓட ஆரம்பித்தால் வலி, பத்து நிமிடத்தில் சூடேறியதும் காணாமல் போகும். சரியாகிவிட்டது என்று நினைத்து முழுத் தூரமும் ஓடினால் மறுநாள் காலை இரண்டு மடங்காக வரும். அதனால் இந்த வலியை ஓடும்போது எடை போடாதீர்கள், மறுநாள் காலையில் எடை போடுங்கள்.

இருவிரலால் கிள்ளிப் பார்த்து இடத்தைக் கண்டுபிடியுங்கள். குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே வலித்தால் நடுப்பகுதி. எலும்போடு ஒட்டும் இடத்திலேயே வலித்தால் அடிப்பகுதி. இரண்டுக்கும் பயிற்சி வேறு.

நடுப்பகுதிக்கு: வாசல் படியில் நுனிக்காலால் நின்று, இரண்டு காலாலும் மேலே எழும்புங்கள். வலிக்கும் காலில் மட்டும் எடையைப் போட்டு, குதிகால் படிக்குக் கீழே போகும் வரை மெதுவாக இறங்குங்கள். முழங்கால் நேராக 15 முறை 3 சுற்று, முழங்காலைச் சற்று மடக்கி 15 முறை 3 சுற்று. தினமும் இரண்டு வேளை, 12 வாரம். கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. நொண்டும் அளவுக்கு வலித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

அடிப்பகுதிக்கு: இதே பயிற்சியைச் சமதரையில் செய்யுங்கள். குதிகாலைக் கீழே தொங்கவிட்டால் நாண் எலும்பில் அழுந்தி வலி கூடும். ஷூவுக்குள் குதிகாலுக்கு அடியில் 1 செ.மீ. உயரத்துக்கு ஒரு அட்டை வைப்பது சில வாரங்களுக்கு ஆறுதல் தரும். தட்டையான ரப்பர் செருப்பைத் தவிருங்கள்.

இரண்டு வகைக்கும் மேட்டில் ஏறி ஓடுவதையும் வேக ஓட்டத்தையும் நிறுத்துங்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்களுக்கு இது வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்: அடி மெலிந்த கேன்வாஸ் ஷூ, தினமும் முழு வேகத்தில் 1,500 மீட்டர், நடுவில் ஓய்வு நாளே கிடையாது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேகம், மற்ற நாள் பேசிக்கொண்டே ஓடும் வேகம் என்று மாற்றினால் நேரமும் குறையும், நாணும் பிழைக்கும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. சிறுநீர்த் தொற்று, வயிற்றுப்போக்கு என்று சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை மாத்திரை சாப்பிட்டிருந்தால் குதிநாண் பலவீனமாகி அறுந்துபோகும் ஆபத்து உண்டு. மாத்திரையை நிறுத்திச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் வரைகூட அந்த ஆபத்து நீடிக்கும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களுக்கும் கூடுதல். மாத்திரை சாப்பிடும்போது குதிநாண் வலித்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

கணுக்கால் பிரண்டால்

கண்மாய்க்கரைச் சரளையில், தார் ரோட்டின் உடைந்த ஓரத்தில், இருட்டில் வண்டிக்கு ஒதுங்கும்போது கால் உள்பக்கம் மடங்கும். வெளிப்பக்கத் தசைநார் (எலும்போடு எலும்பைப் பிணைக்கும் பட்டை) இழுபட்டு, சில நிமிடங்களில் முட்டை போல வீங்கும். முதலில் முன்னே சொன்ன நாலு அடிச் சோதனை, எலும்பை அழுத்தும் சோதனை. இரண்டும் தேறினால் இப்படிச் செய்யுங்கள்.

1. ஓட்டம் அன்றோடு சரி. வீடு 2 கி.மீ. தள்ளி இருந்தால் யாரையாவது வண்டி எடுத்து வரச் சொல்லுங்கள்.
2. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம். முதல் இரண்டு நாள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. நேராகத் தோலில் வைத்தால் தோல் கருகும்.
3. கிரேப் பேண்டேஜை விரல்களுக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்துக் கணுக்காலுக்கு மேல் வரை சுற்றுங்கள். விரல் நீலமானாலோ மரத்தாலோ தளர்த்துங்கள். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.
4. படுக்கும்போது இரண்டு தலையணை மேல் கால்.

சுளுக்கு வழிப்பவரிடம் உடனே கூட்டிப்போவது நம் ஊர் வழக்கம். முதல் மூன்று நாள் மட்டும் அதைச் செய்யாதீர்கள். கிழிந்த நாரை எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும், வீக்கம் ஏறும். எலும்பு விரிந்திருந்தால் விலகியே போகும். உப்பு ஒத்தடம், சுடுதண்ணீர் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. வீக்கம் வடிந்த பிறகு இதமான சூடு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாளிலிருந்து காலை அசையாமல் வைப்பதும் தவறு. உட்கார்ந்தபடி பெருவிரலால் காற்றில் அ முதல் ஃ வரை எழுதுங்கள், தினமும் மூன்று முறை. வலி தாங்கும் அளவுக்கு ஊன்றி நடங்கள். நொண்டாமல் நடக்க வந்ததும் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியைத் தொடங்குங்கள்: பல் தேய்க்கும் நேரத்தில் 30 விநாடி, பிறகு கண்ணை மூடி 30 விநாடி, பிறகு மடித்த ஜமுக்காளத்தின் மேல். இதைக் குறைந்தது ஆறு வாரம் விடாமல் செய்ய வேண்டும். வலி போனதும் பயிற்சியை விட்டுவிடுவதால்தான் அதே கணுக்கால் திரும்பத் திரும்பப் பிரள்கிறது. நாரோடு சேர்ந்து, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மழுங்கிவிடுகிறது. நார் தானாக ஆறும், அந்த உணர்வைப் பயிற்சியால்தான் மீட்க முடியும்.

மற்ற இடங்கள், சுருக்கமாக

பாதத்தின் மேல்பக்கம் பரவலாக வலித்தால் முதலில் ஷூ கயிற்றைப் பாருங்கள். இறுக்கிக் கட்டியதால் விரலை நிமிர்த்தும் நாண்கள் நசுங்கும். வலிக்கும் இடத்துக்கு நேராக உள்ள துளையில் குறுக்கே கோக்காமல், பக்கவாட்டில் நேராக மேல் துளைக்கு ஏற்றிக் கட்டினால் அநேகமாக ஒரு வாரத்தில் போய்விடும்.

அதே மேல்பக்கத்தில், இரண்டாவது அல்லது மூன்றாவது விரலுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்பில் ஒரே புள்ளியில் வலித்தால் மயிரிழை விரிசலை நினைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஓடியவர்கள் எலும்பை முழுதாக முறித்துக்கொள்வது இப்படித்தான். வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். பாத வளைவின் உச்சி எலும்பில் வலி என்றால் இன்னும் கவனம் தேவை, அங்கே ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவது கடினம். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகத் தொடங்கி, கூடவே இப்படி எலும்பு வலியும் வந்தால், ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதாமல் இருக்கலாம். எடை குறைக்க வேண்டி ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உள்பக்கக் கணுக்கால் புடைப்புக்குப் பின்னால் வலி, ஒற்றைக் காலில் நுனிக்காலில் எழும்ப முடியவில்லை, பாத வளைவு சரிந்துகொண்டே போகிறது என்றால் பிசியோதெரபிஸ்டிடம் தாமதிக்காமல் போங்கள். மூன்றாவது, நான்காவது விரலுக்கு நடுவே எரிச்சல், ஷூவைக் கழற்றினால் சுகம் என்றால் ஷூ முன்பக்கம் ஒடுக்கம். நகம் கறுத்தால் ஷூ நீளம் போதவில்லை.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்று சீமைக்கருவேல முள். ஓட்ட ஷூவின் அடியைக்கூட அது துளைத்துவிடும். முள்ளை எடுத்த பிறகு நுனி உள்ளேயே முறிந்து நின்றால், வாரங்கள் கழித்து மூட்டோ நாணோ காரணம் தெரியாமல் வீங்கும். முள் எக்ஸ்ரேயில் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். மருத்துவரிடம் முள் குத்திய விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.

எங்கே ஓடுவது, எதைப் போட்டு ஓடுவது

தார் ரோடு நடுவில் உயர்ந்து இரு ஓரமும் சரிந்திருக்கும். எதிரே வரும் வண்டி தெரிய வேண்டும் என்று வலது ஓரத்தில் ஓடுவது பாதுகாப்புக்குச் சரி. ஆனால் எப்போதும் அங்கேயே ஓடினால் வலது கால் தாழ்வில் விழுந்து அதன் வெளிப்பக்கம் இழுபடும், இடது பாதம் உள்பக்கம் சாயும். காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் நேர்நேராக ஓடும் நீளமான உள்தெருக்கள் விடியற்காலையில் வெறிச்சோடியிருக்கும். அங்கே நடுத்தெருவில் ஓடலாம். ஊருணிக்கரையைச் சுற்றுபவர்கள் ஒரு நாள் வலமாக, ஒரு நாள் இடமாகச் சுற்றுங்கள், ஒரே கால் எப்போதும் வளைவின் உள்பக்கம் மாட்டாது. செம்மண் தரை இதமானது. மழைக்குப் பிறகு சரளை கிளம்பி நிற்கும் கண்மாய்க்கரை, புதிதாக ஓடுபவருக்கு ஆகாது, அதுவும் இருட்டில்.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் காலுறையோடு இரண்டு காலிலும் போட்டு எழுந்து நில்லுங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். ஷூவைக் கையில் பிடித்து மடித்தால் விரல் மடியும் இடத்தில் மடிய வேண்டும், நடுவில் மடிந்தால் வேண்டாம். ஒரு ஜோடி 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். வாரத்துக்கு 10 கி.மீ. ஓடுபவருக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம். விலை கூடினால் வலி குறையும் என்பதில்லை, போட்டதும் காலுக்கு இதமாக இருப்பதே முதல் அளவு.

வலியோடு ஓடலாமா

வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். ஓடும்போது 3-க்குள் இருந்து, நடை கோணாமல், மறுநாள் காலை முன்னைவிடக் கூடாமல் இருந்தால் ஓடலாம். 4, 5 என்றால் தூரத்தைப் பாதியாக்குங்கள். அதற்கு மேல் என்றால் சைக்கிளோ நீச்சலோ. முழு ஓய்வு எடுத்துப் படுப்பதால் நாண் இன்னும் பலவீனமாகும். எலும்பு விரிசல் மட்டும் விலக்கு, அதற்கு ஓட்டம் அறவே கூடாது.

ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வலியை மறைத்துக் காயத்தைப் பெரிதாக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் உடலில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

திரும்ப ஓடத் தொடங்குவது

30 நிமிடம் வேகமாக நடந்து வலிக்கவில்லையா, ஒற்றைக் காலில் 20 முறை குதிகால் தூக்க முடிகிறதா, ஒற்றைக் காலில் 10 முறை குதித்தால் வலி இல்லையா? மூன்றும் தேறினால் தொடங்கலாம். முதல் முறை ஓடத் தொடங்குபவருக்கும் இதே அட்டவணைதான். வாரம் மூன்று நாள், நடுவே ஒரு நாள் இடைவெளி. முன்னும் பின்னும் 5 நிமிடம் நடை.

முதல் இரண்டு வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை.
3, 4-ஆம் வாரம்: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை.
5, 6-ஆம் வாரம்: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 6 முறை.
7, 8-ஆம் வாரம்: 5 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 4 முறை.
9, 10-ஆம் வாரம்: 10 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 2 முறை.

வலி வந்தால் முந்தைய படிக்கு இறங்கி ஒரு வாரம் அங்கேயே இருங்கள். தூரம், வேகம், புது ஷூ, புதுத் தரை இவற்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் வலித்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

காலடியையும் எண்ணிப் பாருங்கள். 30 விநாடியில் வலது கால் எத்தனை முறை தரையில் படுகிறது? 40 என்றால் அதை 42 ஆக்குங்கள், வேகத்தைக் கூட்டாமல். அடி சிறிதாகி, பாதம் உடலுக்கு நேர்கீழே விழும், ஒவ்வொரு அடியிலும் ஏறும் பாரம் குறையும்.

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்துவிட்டு வந்தவர்கள், கொப்புளம் ஆறி, வீக்கம் வடிந்து, மேலே சொன்ன மூன்று சோதனையும் தேறும் வரை ஓட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரம் போதும். அதற்குப் பிறகும் பாதத்து எலும்பில் ஒரு புள்ளியில் வலி நின்றால், அட்டவணையைத் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.